எர்த்தா, கிரவுண்டா, மைதானமா?

"உபகரண மைதானம் இல்லை." திருத்துவதற்காக என்னிடம் வந்த, அமெரிக்க பிளக் பாயின்ட் ஒன்றின் குறிப்புத்தாளின் தமிழ் மொழிபெயர்ப்பில் இருந்த வரி. எர்த்துக்கு அமெரிக்கர்கள் சொல்லும் 'கிரவுண்ட்' மைதானம் ஆகிவிட்டது. இந்த மைதானத்தை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை.

அங்கே பழைய வீடுகள் பலவற்றில் இரண்டு ஓட்டை பிளக் பாயின்ட்தான், எர்த் கம்பியே இருக்காது. அதைக் கழற்றிவிட்டுச் சும்மா மூன்று ஓட்டை பாயின்டை மாட்டிவிட முடியாது. அந்நாட்டு மின்விதித் தொகுப்பான என்.இ.சி. விடாது. மறுபடி இரண்டு ஓட்டையே போடலாம். இல்லையென்றால் ஜி.எஃப்.சி.ஐ. போட்டு, 'நோ எக்யூப்மென்ட் கிரவுண்ட்' என்று ஒட்ட வேண்டும். போகிற மின்சாரத்துக்கும் திரும்புகிற மின்சாரத்துக்கும் சுமார் 5 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அணைந்துவிடும் கருவி அது. எர்த் இல்லாமலும் வேலை செய்யும்.

எர்த், கிரவுண்ட் என்ற சொல் பிறந்தது தந்திக் காலத்தில். 1838 வாக்கில் ஜெர்மானியர் ஸ்டெய்ன்ஹைல், திரும்பி வரும் கம்பிக்குப் பதிலாக மண்ணையே பயன்படுத்தினார். பிரிட்டனில் எர்த், அமெரிக்காவில் கிரவுண்ட். அவ்வளவுதான்.

மைதானத்தையாவது சிரித்துக்கொண்டே அடித்துவிடலாம். என் எரிச்சலெல்லாம் கிரவுண்டுக்குச் சிலர் எழுதும் 'தரையிணைப்பு' மேல். தரை என்பது துடைக்கிற இடம், பாய் விரிக்கிற இடம். டைல்ஸில் எதைக் கொண்டுபோய் இணைப்பது? சரி, மண் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தோட்டத்தில் ஒரு கம்பியை அடித்தால் போதும் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் வாஷிங் மெஷினுக்குள் மின்சாரம் வரும் கம்பி அதன் உடம்பில் பட்டுவிட்டால்? 120 வோல்ட், மண்ணின் தடை 25 ஓம் என்றால் மண் வழியாக ஓடுவது 5 ஆம்பியர்கூட இல்லை. அளவுக்கு மேல் மின்சாரம் போனால் விழுகிற 15 ஆம்பியர் பிரேக்கர் அசையாது, மெஷின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். பிரேக்கரை விழவைப்பது மண் அல்ல, பிரேக்கர்கள் இருக்கும் பேனல் வரை திரும்பிப் போய் அங்கே நியூட்ரலோடு சேரும் கம்பி. மண்ணை மட்டும் நம்பாதே என்று என்.இ.சி.யிலேயே இருக்கிறது.

நான் எழுதும் 'புவிக்கம்பி'யிலும் மண் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் எர்த்தைத்தான் சொல்கிறது என்று உடனே பிடிபடும். கம்பி என்பதால் பெட்டியைத் திறந்து எதைத் தேட வேண்டும் என்றும் தெரியும். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள் ஒரே ஒரு சுவிட்ச் பாக்ஸைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். அதே தாளில், பிளக் பாயின்டைச் சொல்லும் 'அவுட்லெட்' விற்பனை நிலையம் ஆகியிருந்தது.

'இந்த பிளக் பாயின்டில் எர்த் என்னும் புவிக்கம்பி இல்லை' என்று திருத்தி அனுப்பினேன். எர்த்தை எடுத்துவிடச் சொல்லித் திரும்பி வந்தது.