தரையில் சொட்டும் எண்ணெயும் தானாக இறங்கும் கலப்பையும்

பழைய மாஸி பெர்குசன் 35 ட்ராக்டருக்கு அடியில் எண்ணெய்த் திட்டைக் கண்டதும் ‘லிஃப்ட் போச்சு’, அதாவது கலப்பையைத் தூக்கும் அமைப்பே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். 1950களில் வடிவமைக்கப்பட்ட அந்த வண்டியிலும், 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் அதன் வழியில் தயாரித்த 1035இலும், தரையில் தெரியும் கசிவுக்கும் கலப்பையைத் தூக்கும் அழுத்தத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை.

இவற்றில் எண்ணெயை அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் பம்ப், கட்டுப்பாட்டு வால்வு, தூக்கும் சிலிண்டர் ஆகிய மூன்றும் பின்பக்க இரும்புக் கூட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. கியர் பற்கள் சுழல்வதும் பம்ப் மூழ்கியிருப்பதும் சுமார் 30 லிட்டர் கொண்ட ஒரே எண்ணெயில்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டக்கூடும். பின் டயரில் இருக்கும் காற்றழுத்தமோ ஏறக்குறைய ஒரு கிலோதான். இவ்வளவு அழுத்தம் இருந்தும், அங்கே கசியும் எண்ணெய் அதே கூட்டுக்குள் விழுந்துவிடுவதால் அளவு குறையாது, தரையும் நனையாது. வெளியே சொட்டுவது அழுத்தமில்லாமல் கிடக்கும் எண்ணெய். அதை வெளியே விடுவது தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கெட்டித்துப்போனதோ, நைந்த பேக்கிங்கோதான். டிப்பர் ட்ரெய்லருக்காக வெளியே இழுத்திருக்கும் ரப்பர்க் குழாயான ஹோஸ் மட்டும் இதற்கு விலக்கு. அதில் ஊசித்துளை அளவுக்கு வெடிப்பு விழுந்தாலும் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதால், கையால் தடவிப் பார்க்காமல் ஓர் அட்டையை நீட்டித்தான் சோதிக்க வேண்டும்.

வெளிக்கசிவைத் தேடுவதில் பாதி வேலை கழுவுவதுதான் என்றாலும், பலரும் தவிர்ப்பது அதைத்தான். எண்ணெய் மேலே ஓரிடத்தில் கசிந்து, வார்ப்பின் விளிம்பைப் பற்றி ஓடி, தாழ்ந்த போல்ட் ஒன்றின் முனையில் சொட்டும். அந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயன் இராது. அழுக்கை டீசலால் கழுவித் துடைத்து, உலர்ந்த பரப்பில் முகப்பவுடரைத் தூவி, எண்ணெய் சூடாகி இளகும்வரை வண்டியை ஓட்டி நிறுத்தினால், வெண்பொடியில் கருக்கும் முதல் கோட்டின் மேல்முனையே கசிவின் இடம். சேற்றுழவில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி ஓடிய வண்டியென்றால் அச்சு சீலை முதலில் சந்தேகிப்பேன். அது விட்டால் எண்ணெய் பிரேக் ட்ரம்முக்குள் இறங்கி, ஒரு பக்கத்து பிரேக் பிடிக்காமல் போகும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கூடான கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும், அது அடைபடாமலிருக்க அதில் தொங்கும் ஸ்ப்ளிட் பின் என்னும் பிளவுபட்ட கம்பி ஊசியும் உண்டு. அந்தப் பின்னில் திரளும் சொட்டை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் எஞ்சினின் பின்பக்க சீல், தேன்நிறமாக இருந்தால் கியர்பாக்ஸ் முன்தண்டு சீல். விநாடிக்கு ஒரு சொட்டு என்பது அற்பமாகத் தோன்றும், சொட்டுக்கு 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால்கூடப் பத்து மணி நேரத்தில் 1.8 லிட்டர் போய்விடும்.

உள்கசிவின் அடையாளம் வேறு. எஞ்சினை நிறுத்தியதும் தூக்கிய கலப்பை சரசரவென்று இறங்கும். எஞ்சின் ஓடும்போது கலப்பை தலையாட்டும். கசிவால் கலப்பையைத் தாங்கும் லிஃப்ட் கை சற்று தணிந்ததும் கட்டுப்பாட்டு இணைப்பு அதை உணர்ந்து வால்வைத் திறக்க, பம்ப் மறுபடியும் தூக்குவதுதான் அந்தத் தலையாட்டல். கொஞ்சம் எண்ணெயை வடித்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, லிஃப்டால் சுமையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், சிலிண்டரின் திறந்த வாயில் ஒழுகுகிறதா, பம்பிலிருந்து மேலேறும் குழாயின் ஓ ரிங்கில் ஒழுகுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். முதலாவது பிஸ்டன் சீலின் தேய்மானம். இரண்டாவது சில ரூபாய் ரப்பர் வளையம். மேலே எங்கும் ஒழுகவில்லை, கலப்பை மட்டும் இறங்குகிறது என்றால், எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும் வால்வில்தான் கோளாறு. பம்பை வெளியே எடுக்காமல் அதை எட்ட முடியாது.