இடியாப்பம் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் கை நடுங்குவது ஏன்?

காலை 8 மணிக்குச் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் மூன்று இடியாப்பம், மேலே சர்க்கரையும் தேங்காய்ப்பூவும், பக்கத்தில் ஒரு தே தாரிக் (ஆற்றிய இனிப்புப் பால் தேநீர்). 10 மணிக்கு அலுவலகத்தில் கை நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கணினித் திரையில் எழுத்து மங்குகிறது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை லிட்டருக்கு 2.8 மில்லிமோல். பட்டினி கிடந்து வந்த மயக்கம் அல்ல இது, சாப்பிட்டதால் வந்தது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, பெரும்பாலும் ஓராண்டு கடந்த பிறகு, இந்தத் தொல்லை தலைகாட்டுகிறது. இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில் இது அதிகம். இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குழாய்போல் ஆக்கும் ஸ்லீவ் முறையிலும் வருவதுண்டு.

இயல்பான வயிற்றின் அடிவாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. கூழான உணவை அது சிறிது சிறிதாகத்தான் குடலுக்குள் விடும். பைபாஸில் உணவு அந்த வாயிலைத் தொடுவதே இல்லை. 15 முதல் 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு பையிலிருந்து நேரே சிறுகுடலில் இறங்கிவிடுகிறது. ஸ்லீவில் வாயில் இருந்தாலும், குழாயான இரைப்பை உணவை வேகமாகத் தள்ளுகிறது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். சர்க்கரை அளவு லிட்டருக்கு 5 மில்லிமோல் என்றால், அந்த ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் 4.5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி. அந்த இடியாப்பத் தட்டிலும் தேநீரிலும் எளிதில் 70 கிராம் மாவுச்சத்து இருக்கும். அது அரை மணி நேரத்தில் குடலுக்குள் கொட்டினால் சர்க்கரை செங்குத்தாக ஏறும். குடல்சுவரின் செல்கள் இதைக் கண்டு ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரக்கின்றன. அது கணையத்தை உசுப்பிவிட, இன்சுலின் வெள்ளமாக வருகிறது. எடை குறைந்த உடல் இன்சுலினுக்கு முன்னைவிட நன்றாகக் கட்டுப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது, இன்சுலின் மட்டும் நிற்கவில்லை. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தரையைத் தொடுகிறது. ஜிஎல்பி-1 வேலை செய்யாதபடி மருந்தால் தடுத்த ஆய்வுகளில் இந்தத் தாழ்வு பெரிதும் தடுக்கப்பட்டது. அந்த ஹார்மோனின் பங்குக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படிப்பட்ட ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, அந்த ஆறு பேருக்கும் கணையத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். இன்று முதல் சிகிச்சை சாப்பாட்டுத் தட்டில்தான் தொடங்குகிறது. ஏற்றத்தைத் தடுத்தால் இறக்கம் தானாகக் குறையும்.

சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் வயிறு முறுக்கிப் பேதியாகித் தலை சுற்றினால் அது வேறு. அடர்ந்த உணவு குடலுக்குள் நீரை இழுப்பதால் வருவது. அப்போது குத்திப் பார்த்தால் சர்க்கரை தாழ்ந்திருக்காது. இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம் என்பதால், அறிகுறி வந்த நேரத்தைக் குறித்துவைப்பது முக்கியம்.

வேளைக்கு மாவுச்சத்து 30 கிராமுக்கு மேல் வேண்டாம், இடைத்தீனிக்கு 15 கிராம் போதும். உணவியல் நிபுணர்கள் தொடக்க அளவாகப் பொதுவாகச் சொல்வது இதுதான். நம் தட்டில் 30 கிராம் என்பது சமைத்த சோறு 100 கிராம், அதாவது அரைக் கிண்ணத்துக்குச் சற்றுக் கூடுதல். அல்லது நடுத்தர இட்லி இரண்டு முதல் இரண்டரை. அல்லது ஒரு சாதாத் தோசை. சப்பாத்தி என்றால் ஒன்றரை. சாம்பாரில் இருக்கும் பருப்புக்கும் உருளைக்கிழங்குக்கும் இதிலேயே இடம் விட வேண்டும். இரண்டு வாரமாவது சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். கண்ணளவு எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகவே போய்விடும்.

அளவுக்கு அடுத்தது வரிசை. முதலில் அவித்த முட்டை, மீன், கோழி, தௌக்வா (கெட்டியான சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா) இவற்றில் ஒன்று. பிறகு காய்கறி. கடைசியில்தான் சோறோ தோசையோ. புரதமும் கொழுப்பும் நாரும் முன்னே போனால் சர்க்கரை மெதுவாக ஏறும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம். சைவம் மட்டும் சாப்பிடுவோர் பருப்பை நம்பியே இருந்தால் புரதத்தோடு மாவுச்சத்தும் ஏறிவிடும். தௌக்வாவும் தெம்பேயும் ஈரச்சந்தையிலேயே கிடைக்கின்றன. குழம்பில் போட்டால் நன்றாகவே இருக்கும்.

நம் வீடுகளில் பெரிதாகச் சறுக்குவது கஞ்சியில். வயிற்றில் அறுவை செய்தவருக்கு அம்மாவோ மாமியாரோ அன்போடு நீட்டுவது கஞ்சியைத்தான். அறுவை முடிந்த முதல் வாரங்களில் நீர் உணவு மருத்துவர் சொன்னபடி இருக்கட்டும். ஆனால் தாழ்சர்க்கரை உள்ளவருக்குக் கஞ்சி மிகத் தவறான தேர்வு. குழைய வெந்த மாவுச்சத்து, அதுவும் நீராக, மெல்லும் வேலையே இல்லாமல் குடலில் இறங்குகிறது. கேழ்வரகுக் கூழும் உடனடி ஓட்ஸும் அப்படியே. தானியம் எவ்வளவு நல்லது என்பதைவிட, எவ்வளவு அரைபட்டு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதே இங்கே பெரிது.

பானங்களில் ஏமாறுவது இன்னும் எளிது. சியூ தாய் (சர்க்கரை குறைவாக) என்று கேட்டாலும் சர்க்கரை குறையுமே தவிர, போகாது. சர்க்கரையே இல்லாத கோப்பி ஓ கோசோங் (கறுப்புக் காப்பி), தே சி கோசோங் (பால் தேநீர்) சரி. சிலருக்குக் காப்பியின் கஃபைனே படபடப்பைக் கூட்டும், அவர்கள் அதையும் குறைக்கலாம். 2022 டிசம்பர் 30 முதல் புட்டிப் பானங்களில் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் தர எழுத்தைப் பார்க்கிறோம். ‘பி’ தரம் என்றால் 100 மில்லிலிட்டரில் 5 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். 330 மில்லிலிட்டர் குவளையில் அது 16.5 கிராம். பொதுமக்களுக்குப் பரவாயில்லை, இவர்களுக்கு ஓர் இடைத்தீனியின் முழு அளவையும் தாண்டிவிட்டது. சாப்பாட்டோடு தண்ணீரும் வேண்டாம். 30 நிமிடம் கழித்துக் குடியுங்கள். மதுவைத் தவிர்ப்பது நல்லது. கல்லீரல் சர்க்கரை விடுவதை அது தடுக்கிறது.

மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதாகச் சாப்பிட வேண்டும். விரதமிருந்து மாலையில் வாழையிலை முன் உட்காரும் நாள்தான் ஆபத்தானது. விரதம் பற்றி முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். பந்தியில் பொரியல், கூட்டு, தயிரில் தொடங்கிச் சோற்றை அளந்து, பாயசத்தை விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு தாழ்வு வந்தால்? அளவு 3.9க்குக் கீழே போனால் எச்சரிக்கை, 3.0க்குக் கீழே போனால் கடுமை. 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை மூன்று அல்லது நான்கு மெல்லுங்கள், அல்லது 15 கிராம் குளுக்கோஸ் பொடியை அரை டம்ளர் நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும் ஒரு பிடி வேர்க்கடலையோ, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய அரைத் துண்டு ரொட்டியோ கட்டாயம். இதை விட்டுவிட்டு ஒரு பெரிய குவளை மைலோ குடித்தால் சர்க்கரை மீண்டும் ஏறி, நண்பகலில் மீண்டும் விழும். நாள் முழுதும் இப்படி ஏறி இறங்கித் தவிப்பவர்கள், பசிக்குச் சாப்பிடுவதாகவே நினைத்து இழந்த எடையைத் திரும்பப் பெறுகிறார்கள்.

உணவு மட்டும் போதாதபோது மருத்துவர் அகார்போஸ் தரலாம். முதல் கவளத்தோடு எடுப்பது. மாவுச்சத்தும் சீனியும் உடைவதைத் தாமதப்படுத்தும். வாயு உண்டாகும். இதை எடுப்பவருக்குத் தாழ்வு வந்தால் சீனியும் மிட்டாயும் உடனே உதவாது, ஏனெனில் சீனியை உடைக்கும் நொதியையே மருந்து தடுத்து வைத்திருக்கிறது. குளுக்கோஸ்தான் வேண்டும். இந்த ஒரு செய்தியை வீட்டாருக்கும் சொல்லிவைக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழைக்க வேண்டும். தாழ்வு அடிக்கடி வந்தால் நடுக்கம், வியர்வை போன்ற எச்சரிக்கைகள் மங்கிவிடும், நேரே குழப்பம்தான் வரும். அத்தகையவர் வாகனம் ஓட்டுவது குறித்து மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

குத்திப் பார்க்குமுன் கை கழுவுங்கள். மாம்பழம் தொட்ட விரல் பொய்யாக அதிகம் காட்டும். கையில் ஒட்டும் சர்க்கரை உணரி சில நிமிடம் பின்தங்கியே காட்டும், அந்தக் கைமேல் படுத்துத் தூங்கினால் பொய்யான தாழ்வும் காட்டும்.

வெறும் வயிற்றிலோ விடியற்காலையிலோ தாழ்வு வந்தாலும், அறுவை முடிந்த முதல் சில மாதங்களிலேயே வந்தாலும், காரணம் வேறாக இருக்கலாம். பழைய நீரிழிவு மாத்திரைகளான கிளிக்ளசைடு, கிளிபிசைடு இன்னும் ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். பலதுறை மருந்தகத்திலோ மகப்பேற்று மருத்துவரிடமோ குளுக்கோஸ் கரைசல் குடிக்கும் சோதனைக்குச் சொன்னால், குடிக்கும் முன் அறுவையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் ஒரே மூச்சில் இறங்கினால் உங்கள் உடலில் என்ன நடக்கும் என்று இப்போது தெரியும். கர்ப்பிணிகளுக்கு அதற்குப் பதில் ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திக் கண்காணிக்கும் வழி இருக்கிறது.