வளையல் சத்தம் வயிற்றுக்குள் கேட்குமா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி: "ஏழாம் மாசம் வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். வளையல் சத்தம் கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்கிறார் அத்தை. பிள்ளைக்கு நிஜமாகவே கேட்குமா?"

பிள்ளைக்குக் காது கேட்கும். வளையல்தான் சந்தேகம்.

உட்காதிலுள்ள நத்தைச் சுருள் ஐந்தாம் மாதத்திலேயே ஏறக்குறைய உருவாகிவிடும். ஆனால் தாழ்ந்த சுருதி ஒலிகள்தான் (ஹெர்ட்ஸ் எண் குறைந்தவை) முதலில் எட்டும். 1994இல் வெளியான ஹெப்பர், ஷாஹிதுல்லா ஆய்வில், 27ஆம் வாரத்தில் 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறக்குறைய எல்லாச் சிசுக்களும் அசைந்தன. 3,000 ஹெர்ட்ஸுக்கு ஒன்றுகூட அசையவில்லை. கண்ணாடி வளையலின் கலகலப்போ சில ஆயிரம் ஹெர்ட்ஸ். போதாததற்கு, காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி வயிற்றுத் தோலில் மோதித் திரும்பிவிடும். தவில் வைத்தால், தாழ்ந்த சுருதி தரும் தொப்பிப் பக்கத்து முழக்கம் ஓரளவு உள்ளே போகும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நமக்குச் செவிப்பறை அதிர்ந்து, மூன்று குட்டி எலும்புகள் அதைப் பெருக்கி உள்ளே அனுப்புகின்றன. சிசுவுக்கோ செவிப்பறையின் இரு பக்கமும் திரவம். அந்த ஏற்பாடு அங்கே வேலைக்கு ஆகாது. அதனால் ஒலி மண்டையோட்டையே அதிரவைத்து, அதன் வழியாக நத்தைச் சுருளைத் தொடுகிறது. பிள்ளை தலையால் கேட்கிறது! கண்மாயில் முங்கியபடி கரைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது கொஞ்சம் புரியும்: சொல் பிடிபடாது, ஏற்ற இறக்கம் மட்டும் வரும்.

இதில் அம்மாவின் குரலுக்குத் தனிச் சலுகை. அது காற்றுக்கு வந்து திரும்ப நுழைய வேண்டியதில்லை. தொண்டையின் அதிர்வு முதுகெலும்பு, சதை வழியாக நேரே கருப்பைக்கு இறங்கிவிடும். சுற்றி நின்று பாடும் பெண்களின் குரல் தேய்ந்துபோகும், அம்மா முணுமுணுப்பது போய்ச் சேரும். 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு கொடுத்துப் பார்த்தார்கள். சப்பும் தாளத்தைப் பொறுத்து அம்மா குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும். அம்மா குரல் ஒலிக்கும்படி அவை சப்பும் தாளத்தையே மாற்றிக்கொண்டன.

சரி, வளையல்? ஆவணி மூலத்தில் சொக்கநாதரே வளையல் விற்கும் ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு வேண்டாம் என்பேனா? கை நிறையப் போட்டுக்கொள்ளுங்கள். மூளை வளர்ச்சிக்கு என்பதற்குத்தான் ஆதாரமில்லை. எனக்கு எரிச்சல் குங்குமப்பூ மேல்தான். நிறம் மரபணு விவகாரம். பாலில் கலக்குவது பர்ஸைத்தான் வெளுக்கும். வயிற்றில் ஒட்டும் ஸ்பீக்கருக்கும் அதே கதைதான்.

நம் பக்கம் சொந்தத்துக்குள் கட்டிக்கொடுப்பது இன்னும் உண்டு. அதில் பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்புக் கூடுதல். தூங்கும் பிள்ளையின் காதில் சிறு மைக் வைத்துச் சில நிமிடங்களில் முடிகிற சோதனை இருக்கிறது. பிறந்து ஒரு மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. பிரசவம் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் அந்தக் கருவி இருக்கும்படி அரசு பணம் ஒதுக்க வேண்டும்.