வாய்க்காலுக்கு மூச்சு முட்டினால்

திருகோணமலையில் கடலுக்குப் போகும் வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில், கச்சான் காற்று அடிக்கும் காலத்தில், ஒரு தடியைச் சேற்றில் குத்திப் பாருங்கள். குமிழி கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறும். தடியில் ஒட்டிய சேறு தார் போலக் கறுத்திருக்கும். கொஞ்ச நேரம் காற்றுப்பட விட்டால் அந்தக் கறுப்பு மெல்லப் பழுப்பாகும்.

வீட்டுக் கழிவுநீரைத் தின்னும் பற்றீரியாக்கள் கூடவே தண்ணீரில் உள்ள ஒட்சிசனையும் முடித்துவிடுகின்றன. நம்முடைய வெக்கையில், சுத்தமான நன்னீரில்கூட லீற்றருக்கு ஏழெட்டு மில்லிகிராம்தான் கரையும். அது தீர்ந்ததும் சல்பேற்றை வைத்துச் சுவாசிக்கும் வேறொரு கூட்டம் தலையெடுக்கிறது. கடல்நீரில் சல்பேற்றுக்குப் பஞ்சமில்லை, லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம். இவை வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டுத்தான் நாற்றம். அதுவே சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. உப்புத்தண்ணீர் கலக்கும் வாய்க்கால் ஊருக்குள் இருக்கும் கானைவிட மோசமாக நாறுவது இதனால்தான்.

சரி, பெக்கோவைக் கொண்டுவந்து சேற்றை அள்ளிவிட்டால்? கழிவுநீர் வந்துகொண்டே இருந்தால் அடுத்த கோடையில் அதே கறுப்பு திரும்பிவிடும். முதலில் அந்தக் கழிவுநீரை மறிக்க வேண்டும். அப்புறம் கடலை உள்ளே விட வேண்டும். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. வாய்க்கால் மூச்சு விடுவது அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தில்தான். வீதிக்குக் கீழே போகும் குழாயை இரண்டடி உயர்த்தி வைத்தாலே பெருக்குத் தண்ணீர் வாசலில் நின்றுவிடும். மட்டம் பார்க்காமல் தொடங்கும் வேலை வீண்வேலை என்பேன்.

உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடுவதும் அப்படித்தான். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வின்படி தேறியது இருநூற்றுச் சொச்சம். தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பாராமல், எந்த மட்டத்திலும் கன்றை ஊன்றியது முக்கிய காரணம். விழா வைத்துப் படம் எடுக்க அது வசதி, வேருக்கு வசதியில்லை. மட்டம் சரியாக இருந்து, பக்கத்தில் தாய் மரங்களும் இருந்தால், கண்டல் நாற்று தானே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும்.

வேலை பலித்ததா என்று பார்க்க விடியுமுன் போங்கள். இரவில் பாசியும் ஒட்சிசனை எடுப்பதால் அப்போதுதான் அது மிகக் குறைவு. அந்த நேரத்திலும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்காமல் அடியில் மேய்ந்தால், வாய்க்காலுக்கு மூச்சு வந்துவிட்டது.