அக்வாபோரின் பரிசோதனையில் சிறுநீரக செல்லுக்கு என்ன வேலை?

கண் நரம்பு வீங்கிப் பார்வை மங்கிய தன் அக்காவுக்கு டாக்டர் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார், லேபில் போய்க் கேட்டால் “எலிசாவா, செல் முறையா?” என்கிறார்கள், இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒன்றில்லை. முடிவு தவறினால் மருந்தும் தவறிவிடும்.

கிருமியைப் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி சொந்த உடம்பையே தாக்குவதுதான் தன்னுடல் தாக்கு நோய், இது தெரிந்ததே. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோயில் அது குறிவைப்பது அக்வாபோரின்-4 என்ற புரதத்தை. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்களின் சவ்வில் தண்ணீர் போய்வரும் வழி அது. இந்த நோயை, நரம்பின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழு இந்த ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தது, அடுத்த ஆண்டு அதன் இலக்கும் தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட் போன்ற மருந்துகள் இந்த நோயை முற்றச் செய்யலாம் என்பதால்தான் இந்தப் பிரிவு இவ்வளவு முக்கியம்.

சரி, எலிசாவில் என்ன குறை? அதில் புரதத்தைப் பிரித்தெடுத்து பிளாஸ்டிக் தட்டில் ஒட்டுகிறார்கள். ஆனால் அக்வாபோரின்-4 சவ்வுக்குள் தனியாக இருப்பதில்லை. நான்கு நான்காகச் சேர்ந்து, அந்த நால்வர் கூட்டங்களும் வரிசைகட்டி நிற்கும். நோயாளியின் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை தேடுவது அந்த அமைப்பைத்தான். கட்டிய மல்லிகைச் சரத்தை உதிர்த்துப் போட்டுவிட்டு சரத்தைத் தேடச் சொன்னால் எப்படி?

செல் முறை இதைத் தீர்க்கும் விதம் எனக்கு அலுக்கவே அலுக்காது. ஆய்வகத்தில் வளரும் எச்.ஈ.கே. 293 என்ற மனிதச் சிறுநீரக செல்லுக்குள் அக்வாபோரின்-4 மரபணுவைச் செலுத்துகிறார்கள். அந்த செல்லே புரதத்தைச் செய்து, மடித்து, தன் சவ்வில் சரியான வடிவில் நிறுத்திவிடுகிறது, நாம் எதையும் ஒட்ட வேண்டியதில்லை! அதன்மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊற்றிக் கழுவி, மனித ஆன்டிபாடியை மட்டும் பிடிக்கும் ஒளிரும் ஆன்டிபாடியை அப்புறம் சேர்த்து, மறுபடி கழுவி நுண்ணோக்கியில் பார்த்தால், நோயாளிக்கு அந்த ஆன்டிபாடி இருந்தால் செல்லின் விளிம்பு பச்சையாக மின்னும். பக்கத்திலேயே மரபணு செலுத்தாத செல்களும் இருக்கும். அவையும் மின்னினால் அது பொய் ஒளி. எலிசா தவறவிடும் பலரை இது பிடிக்கிறது, பொய்யான பாசிட்டிவும் மிகக் குறைவு. நரம்பு உறையில் உள்ள மாக் (MOG) என்ற இன்னொரு புரதத்தைத் தாக்கும் மாக் ஆன்டிபாடியிலும் இதே கதைதான், பழைய முறைகளில் குழப்பமே மிஞ்சியது, முழுப் புரதத்தை உயிருள்ள செல்லில் வைத்துப் பார்த்தபிறகுதான் அது தனி நோயாகத் தெளிந்தது.

மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் குழு இந்தப் பரிசோதனையைத் தங்கள் ஆய்வகத்திலேயே குறைந்த செலவில் உருவாக்கியது. இப்படிப்பட்ட வேலைக்குத்தான் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும், வெளிநாட்டு கிட்டின் விலையைக் கேட்டு பரிசோதனையே வேண்டாம் என்று திரும்பிப்போகும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

அக்காவுக்கு: செல் முறையையே கேளுங்கள். தண்டுவட நீரைவிட இதற்கு ரத்தமே நல்லது. ரத்தத்திலிருந்து ஆன்டிபாடிகளை அகற்றும் பிளாஸ்மா மாற்று சிகிச்சை தொடங்குமுன் ரத்தம் கொடுத்துவிடுங்கள், அதற்காக சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். நெகட்டிவ் வந்தாலும் மாக் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.