சிவப்புக் கட்டடம் ஏன் கறுப்பாக விழுந்தது?

அல்சூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டினார். தடித்த அட்டையில் ஒட்டிய, பத்து அங்குல அகலப் படம். காப்பித்தூள் நிறம், ஓரமெல்லாம் மஞ்சள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அட்டாரா கச்சேரி. இன்றைக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் இருக்கிற அதே கட்டடம். முகப்பு மண்டபமும் அதை ஒட்டி ஒரு பக்கத்துத் தூண்வரிசையும் மட்டும் படத்தில் இருந்தன. பெரியவரின் கொள்ளுத்தாத்தா அங்கே குமாஸ்தாவாக இருந்தாராம்.

"ஏம்ப்பா, கட்டடம் செக்கச்செவேல்னுதானே இருக்கு. இதுல ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு? அப்புறம், பதினெட்டு ஆபீஸ் இருந்த இடம்னு பேரு. ஒரு மனுஷனைக்கூடக் காணோமே?"

இரண்டுமே அருமையான கேள்விகள். கேமராவுக்குள் இருந்த வேதியியலைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டுக்குமே பதில் சொல்ல முடியாது.

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'அட்டாரா' என்றால் இந்துஸ்தானியில் பதினெட்டு, 'கச்சேரி' என்றால் அலுவலகம். மைசூர் ராஜ்ஜியத்தை ஆங்கிலேயக் கமிஷனர்கள் நிர்வகித்த காலத்தில் அரசு அலுவலகங்கள் திப்புவின் பெங்களூர் அரண்மனையில் நடந்துவந்தன. 1868-ல் புதுக் கட்டடம் தயாரானதும் பதினெட்டுத் துறைகளும் இங்கே குடிவந்தன. வடிவமைத்தவர் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி, நாம் சாங்கி ஏரி என்கிறோமே, அவர்தான். ஒப்பந்தம் எடுத்துக் கட்டிக் கொடுத்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். கன்டோன்மென்ட் என்கிற தண்டுப் பகுதியில் அவர் தொடங்கிய பள்ளியில் படித்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இந்த ஊரில் நிறைய. விதான சௌதாவைப் பார்க்கத் திரும்பும் கூட்டம் எதிரே இருக்கும் இந்தச் சிவப்புக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இனி படம். 1860-களிலும் 70-களிலும் வழக்கில் இருந்தது ஈரத்தகடு முறை. ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் 1851-ல் வெளியிட்டது. பஞ்சை அமிலத்தில் பதப்படுத்தி, ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்ற கொழகொழப்பான திரவம் கிடைக்கும். அதில் அயோடைடு, புரோமைடு உப்புகளைக் கலப்பார்கள். கண்ணாடித் தகட்டின் நடுவில் அதை ஊற்றி, ஆப்பச்சட்டியைச் சுழற்றுகிற மாதிரி நான்கு மூலைக்கும் ஓடவிட வேண்டும். கை நடுங்கினால் படலம் திட்டுத்திட்டாகிவிடும். பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் அந்தத் தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கினால், படலத்துக்குள்ளேயே வெள்ளி அயோடைடும் புரோமைடும் உருவாகும். ஒளி பட்டால் மாறுகிற பொருள் அதுதான். தகடு ஈரமாக இருக்கும்போதே கேமராவில் வைத்து, படம் பிடித்து, கூடாரத்துக்கு ஓடிவந்து கழுவிவிட வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஈதர் கிட்டத்தட்ட 35 டிகிரியில் கொதித்துவிடும். சென்னைக் கத்திரி வெயிலில் இந்த வேலையை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் படக்காரருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும்.

அந்தக் கூடாரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு, மஞ்சள் துணியோ சிவப்புத் துணியோ போட்டு மறைத்திருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் தகடு கெடாது. பெரியவரின் முதல் கேள்விக்கான விடை அந்த ஜன்னலில்தான் இருக்கிறது.

ஒளி துகள் துகளாக வருகிறது. வெள்ளி உப்பின் படிகத்தில் ஓர் எலக்ட்ரானைப் பெயர்த்து எடுக்க, வந்து மோதுகிற ஒரே துகளுக்குப் போதிய ஆற்றல் இருக்க வேண்டும். சிதறுகாய் உடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓங்கி ஒரே அடி அடித்தால் தேங்காய் சிதறும். மெல்ல மெல்ல ஆயிரம் தடவை தட்டினாலும் அது அப்படியே இருக்கும். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியின் துகள் ஓங்கிய அடி. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் துகளுக்கு அதில் சுமார் 70 சதவீத ஆற்றல்தான். அது எத்தனை வந்து விழுந்தாலும் வெள்ளி உப்பு அசையாது. ஆகவே, சிவப்புச் சுவர் வெயிலில் தகதகவென்று ஜொலித்தாலும் தகட்டைப் பொறுத்தவரை அங்கே ஒளியே இல்லை. நெகட்டிவில் அந்த இடம் வெறும் கண்ணாடியாக நின்றுவிடும். தாளில் அச்சிடும்போது வெயில் அதன் வழியாகத் தாராளமாகப் பாய்ந்து தாளைக் கறுக்க வைக்கும்.

அதே காரணத்தால் வானம் வெள்ளையாகப் போய்விடும். கட்டடத்துக்குப் போதுமான ஒளி சேர்வதற்குள் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்துவிடும். மேகம் இருந்தாலும் அந்த வெள்ளையோடு கரைந்துபோகும். 1850-களில் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்து மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்திருக்கிறார். 1855-ல் பர்மாவில் எடுத்த படங்களை அவர் அச்சிட்டது நம் பெங்களூரில்தான்.

எனவே இந்த மாதிரிப் படத்தில் கறுப்பாக இருப்பதெல்லாம் கறுப்பு என்று நம்பிவிடக் கூடாது. சிவப்பு, பழுப்பு, இலைப்பச்சை எல்லாமே இருட்டாகத்தான் விழும். இந்தப் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்தச் சுவருக்கு அடித்திருந்த வண்ணம் எது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மனிதர்களுக்கும் இது பொருந்தும். நம் தோலிலிருந்து திரும்புகிற ஒளியில் சிவப்புப் பங்குதான் அதிகம். அதனால் அந்தக் காலத் தகடுகளில் நம் பாட்டன் பூட்டன்களின் முகங்கள் இருந்ததைவிடக் கறுத்து விழுந்தன. அவர்கள் நிறத்தைப் பழைய படத்தைப் பார்த்து முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 1873-ல் பெர்லினில் ஹெர்மன் வோகல், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் அது கண் திறக்கும் என்று கண்டுபிடித்தார். சிவப்பையும் ஒழுங்காகப் பதிகிற தகடுகள் கடைக்கு வர 20-ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கப்பன் பூங்கா பக்கம் நின்று உங்கள் போனில் கட்டடத்தைப் படமெடுங்கள். திருத்தும் செயலியில் கறுப்பு வெள்ளையாக்கி, சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றையும் அடிமட்டத்துக்கு இறக்கி, நீலத்தை ஏற்றுங்கள். சுவர் கறுக்கும், வானம் வெளுக்கும், மரங்கள் கரிக்கட்டையாகும். நான் செய்து காட்டியபோது பெரியவர் போனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதுவரை சொன்னது கண்ணாடி நெகட்டிவின் கதை. கையில் இருப்பது தாள். அந்தத் தாளின் கதை இதைவிட எனக்குப் பிடித்தது.

1850-ல் பிரான்சில் பிளான்கார்ட் எவ்ரார் அறிமுகப்படுத்திய அல்புமின் தாள் அது. அல்புமின் என்றால் முட்டையின் வெள்ளைக்கரு. உப்புக் கலந்து நுரைக்க அடித்து, தெளியவைத்து, மெல்லிய தாளின் ஒரு பக்கத்தை அதன்மேல் மிதக்கவிட்டு உலர்த்துவார்கள். 1888 வாக்கில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த ஒரு தாள் நிறுவனம் நாளொன்றுக்கு 60,000 முட்டைகளை உடைத்தது. "முட்டையா? இத்தனை நாள் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தேனே!" என்றார் பெரியவர்.

படக்காரர் அந்தத் தாளை வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டதும் முட்டைப் படலத்தில் வெள்ளி குளோரைடு உருவாகும். நெகட்டிவையும் தாளையும் முகத்தோடு முகம் வைத்து, சட்டத்தில் இறுக்கி, மொட்டைமாடி வெயிலில் வைப்பார்கள். தாள் கண்ணெதிரே கறுத்துக்கொண்டே வரும். டெவலப்பர் என்று ஒன்று கிடையாது, வேலை முழுவதும் சூரியனுடையது. சட்டத்தின் பின்பலகையில் பாதியை மட்டும் திறந்து, படம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து மூடலாம். பெரிதாக்கும் வசதியும் இல்லை. தகடு எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவுதான். ஆகவேதான் அவ்வளவு பெரிய கண்ணாடிகளைச் சுமந்துகொண்டு அலைந்தார்கள்.

இதில் ஓர் அழகான விஷயம் நடக்கிறது. படத்தில் இருட்டாக வேண்டிய இடம் முதலில் கறுக்கும். அப்படிக் கறுத்த மேற்பரப்பே தனக்கு ஒரு திரையாகி, மேற்கொண்டு ஒளி உள்ளே போவதைக் குறைத்துவிடும். அதற்குள் வெளிச்சமான பகுதிகள் மெல்ல மெல்ல வந்து சேரும். எனவே தாழ்வாரத்தின் நிழலுக்குள்ளும் விவரம் அழியாமல் நிற்கும். அந்தப் படத்தில் தூண்களுக்குப் பின்னால் இருந்த கதவுச் சட்டங்களை என்னால் எண்ண முடிந்தது.

பிறகு தங்க குளோரைடில் குளிப்பாட்டுவார்கள். வெள்ளியின் மேல் தங்கம் படிந்து, செங்கல் நிறம் ஊதா கலந்த பழுப்பாக மாறும், ஆயுளும் கூடும். ஒளி படாத வெள்ளி உப்பை ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) கரைத்தெடுத்துவிடும். வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்று 1819-லேயே கண்டு சொன்னவர் ஜான் ஹெர்ஷல். கடைசியில் பல முறை நீரில் அலச வேண்டும். இந்த அலசலில்தான் ஒரு படத்தின் தலையெழுத்து இருக்கிறது.

ஏனென்றால் வெள்ளிக்கு கந்தகம் ஆகாது. வெள்ளிக் கொலுசு கறுப்பது அதனால்தான். சரியாக அலசாமல் விட்ட ஹைப்போவிலும் கந்தகம் உண்டு, நகரத்துக் காற்றிலும் உண்டு, ஏன், முட்டையின் புரதத்திலேயே உண்டு. வெயிலில் உருவான வெள்ளித் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறியவை. படத்துக்கு அந்தக் கதகதப்பான பழுப்பைத் தருவதும் அந்தச் சிறுமைதான், சீக்கிரம் கெடவைப்பதும் அதுதான். கல் உப்பைவிடத் தூள் உப்பு வேகமாகக் கரைவதைப் போல, சிறிய துகளைக் கந்தகம் வேகமாகத் தின்றுவிடும். மஞ்சள் பழுப்பான வெள்ளி சல்ஃபைடு மிஞ்சும். முட்டையில் இருக்கும் துளி சர்க்கரை புரதத்தோடு வினைபுரிந்து வெள்ளைப் பகுதிகளையும் மஞ்சளாக்கும். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வகை வினையால்தான். அங்கே நிமிடங்களில் ஆவது, இங்கே பல ஆண்டுகளில் ஆகிறது. கந்தக வினை, சர்க்கரை வினை இரண்டையுமே ஈரப்பதம் முடுக்கிவிடும். மழைக்காலத்தில் தாள் ஊறி விரியும். மாசியில் காய்ந்து சுருங்கும். மேலே இருக்கும் முட்டைப் படலம் அதே அளவுக்கு ஈடுகொடுக்காது. அதனால் ஏரி வண்டல் மாதிரி மயிரிழை வெடிப்புகள் விழும். அட்டையில் ஒட்டாவிட்டால் வெயிலில் போட்ட அப்பளமாகச் சுருண்டுவிடும்.

பெரியவரிடம் முதலில் இரண்டு படங்கள் இருந்தன. இன்னொன்றை, பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் மகன் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டார். சூட்டில் இளகிய பிளாஸ்டிக் பசை முட்டைப் படலத்தோடு ஒன்றாகிவிட்டது. உரித்தால் படமும் கூடவே வரும். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. வீட்டில் இப்படிப் படங்கள் வைத்திருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது. அமிலம் கலக்காத தாளில் சுற்றி, ஈரம் தட்டாத அலமாரியில் படுக்கவைத்தாலே போதும். வெயில் விழும் சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் ஒரு நகலை எடுத்து மாட்டுங்கள்.

உங்களிடம் இருப்பது அசல்தானா என்று பார்க்க, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிப் பார்க்கிற லூப் ஒன்று போதும். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் அடித்தது, அனேகமாகப் பிற்கால அஞ்சல் அட்டை. புள்ளியே இல்லாமல், பளபளப்புக்கு அடியில் தாளின் நார்கள் தெரிந்து, மேலே மெல்லிய வெடிப்புகளும் இருந்தால் அல்புமின். 1880-களுக்குப் பின் வந்த தாள்கள் பலவற்றில் படலத்துக்கும் தாளுக்கும் நடுவே பேரியம் சல்ஃபேட் என்ற வெள்ளைப் பூச்சு வந்துவிட்டது. அதனால் அவற்றில் நார்கள் தெரியாது.

சரி, இரண்டாவது கேள்வி. ஈரத்தகடு மந்தமானது. நல்ல வெயிலிலும், லென்ஸின் வாயைச் சுருக்கிக் கட்டடம் முழுவதும் கூர்மையாக விழவேண்டும் என்றால், பல வினாடிகள் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தூண் நகராது. நடந்துபோகிற மனிதர் ஓர் இடத்தில் அரை வினாடிகூட நிற்பதில்லை, அவர் மறைத்த இடத்தை மீதி நேரமெல்லாம் சுவரே நிரப்பிவிடும். படத்தில் படியோரம் ஒரு வண்டி இருந்தது. சக்கரம் கூர்மையாக விழுந்திருந்தது, மாட்டின் தலை இருந்த இடத்தில் ஒரு புகை.

லூப்பை வைத்து அந்த வண்டியிலிருந்து படிக்கட்டுப் பக்கமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். கடைசிப் படிக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். முதலில் கீறல் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சென்டிமீட்டர் குவியதூரமுள்ள லென்ஸோடு 60 மீட்டர் தள்ளி நின்று எடுத்திருந்தால், எதுவும் இருநூறில் ஒரு பங்காக விழும். 25 சென்டிமீட்டர் நீளப் பொருள் ஒன்றேகால் மில்லிமீட்டர் ஆகும். கோடுகளின் நீளமும் அவ்வளவுதான். எல்லாம் இரண்டிரண்டாக, ஜோடி ஜோடியாக இருந்தன.

லூப்பைப் பெரியவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"செருப்புப்பா," என்றார். "எல்லாரும் உள்ளேதான் இருக்காங்க."