பின்பாரம்: பிக்கப்புக்கு ஏர் பெல்லோ மாட்டும் முன்

போன வைகாசி முகூர்த்தத்தில் ஒரு சமையல் மாஸ்டர் தன் பிக்கப்பை என் பட்டறை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். அண்டா, தேக்சா, கிரைண்டர், கேஸ் அடுப்பு, டீசல் ஜெனரேட்டர் என்று ஒரு கல்யாண வீடே அதில் ஏறியிருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், கொக்கிக்கு ஒரு முழம் தள்ளி, 500 லிட்டர் தண்ணீர் டேங்க். பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்தே போய்விட்டது. வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டை தட்டையாகி, அதற்கும் கீழே இறங்கப் பார்த்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"தம்பி, யூடியூபுல பாத்தேன். ரெண்டு பலூன் மாட்டுனா வண்டி ஜம்முனு நிமிந்துருதாம்ல. சட்டுன்னு போட்டு விடுங்க, ராத்திரி பள்ளத்தூர்ல பந்தி இருக்கு" என்றார்.

நான் மாட்டவில்லை. ஏன் என்று அவருக்கு அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த இரண்டு மூன்று வருடத்தில் இதே கேள்வியோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2016-ல் இசுசு வி-க்ராஸ், 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் என்று பெரிய பிக்கப்புகள் நம் ஊருக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகள், அங்கே டிரெய்லர் இழுக்கிற வண்டிகளில் பார்த்ததை இங்கேயும் மாட்டக் கேட்கிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து வெடித்து விரியும் ஏர் பேக் வேறு. நான் சொல்வது அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கும் நடுவில் உட்காரும் கனத்த ரப்பர் பை. பட்டறையில் ஏர் பெல்லோ என்போம். நம் ஆட்கள் 'ஏர் பஸ்' என்று சொல்லி டிக்கெட் எடுக்கிறார்களே, அந்த பஸ்ஸில் பட்டைக்குப் பதிலாக இந்தப் பைகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. பிக்கப்பில் மாட்டுவது அப்படியல்ல. பட்டை இருக்கும் இடத்தில் அப்படியே இருக்கும், பை அதற்குக் கூட ஒரு கை கொடுக்கும். இந்த வித்தியாசம் பிடிபடாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மாஸ்டருக்கு நான் மாட்டு வண்டியை வைத்துத்தான் விளக்கினேன். அவர் அப்பா புதுவயல் மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போனவர். வண்டியில் மூட்டை அடுக்கத் தெரியாதவன் பின்பக்கம் ஏற்றிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். அது பின்பாரம். முன்பக்கம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தி, மேட்டில் முழங்கால் மடங்கும். அது முன்பாரம். நல்ல வண்டிக்காரன் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, லேசாக முன்பாரம் இருக்கும்படி மூட்டையை நகர்த்துவான். டிரெய்லர் கொக்கியும் அந்த நுகத்தடிதான். டிரெய்லரின் முன்பாரம் பிக்கப்புக்குப் பின்பாரமாக வந்து இறங்குகிறது.

எவ்வளவு இறங்கலாம்? டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். எதுவானாலும் வண்டிக் கம்பெனி கொக்கிக்குச் சொல்லியிருக்கும் எடையைத் தாண்டக்கூடாது. ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. முன்பாரம் இல்லாத டிரெய்லர் 60, 70 வேகத்திலேயே வாலை ஆட்டத் தொடங்கிவிடும்.

அரிசி மில்லில் மூட்டை நிறுக்கும் பிளாட்பார தராசை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். டிரெய்லரைக் கழற்றி, கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, முன் சட்டத்தை அதன் மேல் இறக்கினேன். 270 கிலோ. எடை மேடைச் சீட்டில் டிரெய்லர் மொத்தமே 1,450 கிலோதான். கிட்டத்தட்ட 19 சதவீதம் கொக்கியில் தொங்கியது.

அந்த 270 கிலோ பிக்கப்பில் 270 கிலோவாக மட்டும் இறங்காது. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரண்டு அச்சுக்கும் இடையே 3 மீட்டர். இது ஏற்றம் இறைக்கிற கணக்கு. பின் அச்சில் ஏறுவது 378 கிலோ, முன் அச்சிலிருந்து குறைவது 108 கிலோ. டிரெய்லர் தன் எடையை மட்டும் பின்னால் வைப்பதில்லை, முன் சக்கரத்தின் பாரத்தையும் பிடுங்கிப் பின்னால் கொண்டு போய்ச் சேர்க்கிறது. வண்டியைத் திருப்புவதும் பெரும்பாலும் நிறுத்துவதும் முன் சக்கரம். அங்கே பாரம் குறைந்தால் ஸ்டியரிங் 'லேசா இருக்கு' என்று டிரைவர் சந்தோஷப்படுவார். சந்தோஷப்படுகிற விஷயமே இல்லை.

இப்போது பை மாட்டிக் காற்றடித்தால் என்ன ஆகும்? பின்பக்கம் நிமிரும், ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணை விட்டு ரோட்டுக்கு இறங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பின் அச்சில் 378 கிலோ அப்படியேதான் இருக்கும். முன் அச்சிலிருந்து போன 108 திரும்பி வராது. டயர், ஹப் பேரிங், அச்சுக் குழாய், பிரேக் எல்லாம் அதே பாரத்தைத்தான் சுமக்கும். பின்பக்கம் அமுங்குவது வண்டி நம்மிடம் வாய் திறந்து சொல்லும் ஒரே வார்த்தை. பலூனை மாட்டி அந்த வாயையும் அடைத்துவிடுகிறோம்.

பெட்டியில் '5,000 பவுண்டு' என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். கிலோவில் 2,268 வருகிறது. பிக்கப் கூடுதலாக இரண்டு டன் சுமக்கும் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். அது பை எவ்வளவு பாரத்தை மட்டப்படுத்தும் என்பதன் கணக்கு. வண்டியின் மொத்த எடை வரம்பைத் தாண்டாதே என்று அதே பெட்டிக்குள் இருக்கும் கையேட்டில் எழுதியிருக்கும். கையேட்டை யார் பிரிக்கிறார்கள்? நான் மாட்டிய முதல் கிட்டின் கையேட்டை நானே பிரிக்கவில்லை.

அதற்கான கூலியும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் வியாபாரம் பண்ணுகிற ஒருவருடைய வண்டி அது. இடிக்கிற வீடுகளிலிருந்து பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் ஏற்றி வருவார். பை மாட்டி அனுப்பினேன். நாலே நாளில், "தம்பி, குன்றக்குடி வளைவுல வண்டி முன்னாடி விட அதிகமா சாயுதே" என்றார். இரண்டு பைக்கும் ஒரே குழாயில் 'T' வடிவ இணைப்பு போட்டு இணைத்திருந்தேன், ஒரு வால்வு மிச்சம் என்று. வளைவில் ஒரு பக்கம் அமுங்கும்போது அந்தப் பையின் காற்று எதிர்ப்பக்கத்துப் பைக்கு ஓடிவிடுகிறது. சாய்கிற பக்கம் காலியாகிறது, தூக்குகிற பக்கம் இன்னும் தூக்குகிறது. இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. இதில் மிச்சம் பிடிக்க இடமில்லை.

இரண்டாவது தவறைக் கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கானது. அதே வண்டியில் முன் பிரேக் பேடு வழக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்தது. "பிரேக் கொஞ்சம் நீளுது" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். பேடை மாற்றினேன், பிரேக் ஆயில் மாற்றினேன், பிரேக் குழாயில் சிக்கிய ஏரை எடுத்தேன். ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் பின் அச்சருகே இருக்கும் சின்ன வால்வும் அதிலிருந்து அச்சுக்குப் போகும் கம்பியும் கண்ணில் பட்டன. பல பிக்கப்புகளில் இது உண்டு. பாரம் ஏறி உடம்பு கீழே இறங்கினால் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். காலி வண்டியில் உடம்பு மேலே இருக்கும்போது, பின் சக்கரம் கட்டி இழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நான் பை மாட்டி உடம்பைத் தூக்கிவிட்டேன். முழு பாரத்தோடு போகும் வண்டியைக் காலி வண்டி என்று அந்த வால்வு நம்பிவிட்டது. பின் பிரேக் பாதி வேலைதான் செய்தது, மிச்சத்தை முன் பேடு தலையில் கட்டியது. இதோடு டிரெய்லரும் மாட்டினால் முன் சக்கரத்தில் பாரமும் குறைவு. பிரேக் இல்லாத டிரெய்லராக இருந்தால் அதுவும் பின்னாலிருந்து தள்ளும்.

ஆகவே பை மாட்டச் சொல்லி வருகிறவர் வண்டியில் இப்போது நான் முதலில் தேடுவது அந்தக் கம்பியைத்தான். இருந்தால், உயரம் மாறும்போது அதை எப்படி அமைக்க வேண்டும் என்று கம்பெனி சர்வீஸில் கேட்காமல் கை வைப்பதில்லை. கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிடுகிற ஆட்களும் உண்டு. மழையில் காலி வண்டியோடு போகும்போது பின்பக்கம் வழுக்கிச் சுற்றும், அவ்வளவுதான். பிரேக் பகிர்வை எலக்ட்ரானிக்கில் செய்யும் புதிய வண்டிகளில் இந்த வால்வு இருக்காது.

சேஸி வளைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டை தன் பாரத்தை முன் நுனியில் இருக்கும் கண், பின் நுனியில் இருக்கும் ஷாக்கிள் என்று இரண்டு இடத்தில் பிரித்து சேஸிக்குக் கொடுக்கிறது. பை அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் குத்துகிறது. பெட்டியின் வால் பக்கம் பாரம், கொக்கியில் இன்னொரு பாரம், நடுவில் பையில் முழுக் காற்று என்று வைத்துக்கொண்டு பள்ளத்தில் விட்டால், முழங்காலில் வைத்துக் குச்சியை ஒடிக்கிற கதைதான். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி மேலே விரிந்து கீழே குறுகியிருந்தால் சேஸி வளைந்துவிட்டது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுக்கிறவர்கள் மத்தியில் இது தெரிந்த தொல்லை.

பை வேண்டவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. என் சொந்த பிக்கப்பில் இருக்கிறது. பாரம் வரம்புக்குள் இருந்து, ஒரு நாள் ஏற்றி மறுநாள் காலியாக ஓட்டுகிறவருக்கு, கூடுதல் பட்டை போடுவதைவிட இதுதான் மேல். கூடுதல் பட்டை போட்ட வண்டி காலியாகப் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பைக் கேட்கும். ஆத்தங்குடியிலிருந்து பூக்கல் என்கிற தரை ஓடு ஏற்றுகிறவருக்கு அது கூடவே ஆகாது. ஏற்றின கல் பாதி உடைந்துதான் இறங்கும்.

ஆனால் மாட்டுவதற்கு முன்னால் எடை மேடைக்குப் போய்வர வேண்டும். டிரெய்லரை மாட்டி, முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு. பிறகு பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. டிரெய்லரைக் கழற்றிவிட்டு அதே இரண்டும். ஆர்சியில் இருக்கும் மொத்த எடையையும் கம்பெனி சொல்லும் அச்சு எடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாண்டியிருந்தால் பை தீர்வு இல்லை, பாரத்தை இறக்குவதுதான் தீர்வு. அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, இறக்கும் கூலி தனி. ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். மாட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், விபத்துக்குப் பிறகு அவர்கள் நம்மைக் கேட்பதைவிட அது சுலபம்.

காற்றின் அளவுக்கு ஒரு டேப் போதும். காலி வண்டியில் நாலு மட்கார்டு விளிம்புக்கும் தரையிலிருந்து உயரம் எடுத்து, கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். பாரம் ஏற்றியபின் பின்பக்கம் அந்த உயரத்துக்குச் சற்றுக் கீழே வரும்வரை அடித்தால் போதும், அதற்கு மேல் தூக்க வேண்டாம். பாரம் இறங்கியதும் காற்றையும் இறக்குங்கள். முழுக்க விடக்கூடாது. பெரும்பாலான பைகளுக்குக் குறைந்தது 5 பவுண்டு (psi) காற்றழுத்தமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் மடிப்பில் கடிபட்டுக் கிழியும். நம் செம்மண் ரோட்டுச் சரளை பைக்கும் பட்டைக்கும் நடுவே சிக்கும், கழுவும்போது அங்கே ஒரு தரம் தண்ணீர் பீய்ச்சுங்கள். குழாய் சைலன்சர் பக்கம் போகக்கூடாது. சோப்புத் தண்ணீர் தடவினால் லீக் தெரிந்துவிடும்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கில் ஏறி நிற்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். அடங்கியதும் ஓரம் கட்டி, பாரத்தைப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்துங்கள்.

மாஸ்டர் கதைக்கு வருகிறேன். தண்ணீர் டேங்கைத் திறந்துவிட்டோம். கல்யாண வீட்டில் தண்ணீர் லாரி வரும்போது சமையலுக்கு நாம் ஏன் சுமக்க வேண்டும்? டேங்க் பாதி குறைந்தால் பிரேக் போடும்போது தண்ணீர் அலையடித்து முன்னால் இடிக்கும், அந்தப் பயமும் போயிற்று. ஜெனரேட்டரை அச்சுக்கு நேர் மேலே நகர்த்தி, அண்டாக்களைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டு வந்தோம். டிரெய்லர் 950 கிலோ, கொக்கியில் 110 கிலோ. பட்டை தன் பழைய வளைவுக்கு வந்தது.

"அப்ப பலூன் வேணாமா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"இப்பதைக்கு வேணாம் மாஸ்டர். பந்திக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்றேன். எடை மேடைச் சீட்டுக்கும் தராசு வாடகைக்கும் காசு கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.